ஒரு விரலை எடுத்தால்

இடுக்கி மாவட்டத்துச் சக்குபள்ளத்தின் ஏலத்தோட்டங்களுக்கு, கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து நாள்தோறும் விடியலில் ஜீப்பேறி வரும் தமிழர் பலர். அப்பள்ளத்தாக்கில்தான் பண்ணைப்புரம் உள்ளது. அவ்வூரில் 1943-இல் பிறந்த இளையராஜா, சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேனாட்டு இசை பயின்று, கிட்டாரிலும் தேர்ந்தார். அவ்வாறிருந்தும், கிட்டார் கற்கப் புகும் நம்மவருள் சிலர், 'இது நம் செவிக்குப் பழகாத இசை' என்று சில நாட்களிலேயே அதனைச் சுவரில் மாட்டிவிடுகின்றனர். அது மெய்தானா என்று பார்ப்போம்.

கிட்டாருக்கு ஆறு கம்பிகள். மிக மெல்லியது முதலாவது. மிகத் தடித்தது ஆறாவது. ஐந்தாம் கம்பியை நடுவிரலாலும், நான்காம் கம்பியை மோதிர விரலாலும் இரண்டாம் மெட்டில் அழுத்துவோம். மூன்றாம் கம்பியை முதல் மெட்டில் ஆள்காட்டி விரலால் அழுத்துவோம். ஆறு கம்பிகளையும் ஒருசேர மீட்டினால் எழுவது 'ஈ மேஜர்' என்னும் சுரக்கூட்டு. இனி, ஆள்காட்டி விரலை மட்டும் எடுத்துவிட்டு மீண்டும் மீட்டுவோம். மலர்ந்த முகத்தில் கவலை படர்ந்தாற்போல் ஒலி மாறுகிறது. அதுவே 'ஈ மைனர்'.

நிகழ்ந்தது யாது? ஆறாம் கம்பியின் ஒலியைச் சட்ஜமாகக் கொண்டால், அதிலிருந்து முறையே ச, ப, ச, க, ப, ச என்று ஆறும் ஒலிக்கின்றன. அவற்றுள் ஐந்து, நம் தம்புராவில் இடையறாது கேட்கும் சட்ஜமும் பஞ்சமமுமே. மாறியது காந்தாரம் ஒன்றுதான். சங்கராபரணத்தில் வரும் அந்தர காந்தாரம் அரைச்சுரம் இறங்கி, கரகரப்பிரியாவில் வரும் சாதாரண காந்தாரமாயிற்று. நம் இசையில் ஒன்றன்பின் ஒன்றாக வரும் சுரங்கள், இங்கே ஒரே வேளையில் ஒலிக்கின்றன; வேற்றுமை அவ்வளவே.

ஆகவே, செவி முன்பே அறிந்ததை விரல்தான் புதிதாகக் கற்கவேண்டும். மெட்டின் மேலே அழுத்தாமல், அதை ஒட்டிச் சற்றுப் பின்னே, விரல் நுனியை நிமிர்த்தி அழுத்துதல் வேண்டும். விரல் சாய்ந்தால் அடுத்த கம்பியைத் தொட்டு அதனை ஊமையாக்கிவிடும். கம்பிகளைத் தனித்தனியே மீட்டிப் பார்த்தால் எது ஒலிக்கவில்லை என்பது விளங்கும். தொடக்கத்தில் நுனிகள் எரியும்; நாள்தோறும் சிறிது நேரம் பழகினால் தோல் தடித்து வலி நீங்கும். வலி மிகுந்தால் அன்றைக்கு நிறுத்திவிடுவதே நன்று.

ஏலச்செடியில் விளைந்த காயை மட்டும் தெரிந்து பறிக்கும் விரல்கள், அந்த நுட்பத்தை ஒரே நாளில் பெற்றனவல்ல. கிட்டார் கற்கும் விரல்களுக்கும் அதே அவகாசத்தை அளிப்போம்.