ஏர்த் எல்லாம் ஒரே ஏர்த் அல்ல



1858ஆம் ஆண்டு இந்தியாவையும் இலங்கையையும் இணைத்த தந்திக் கேபிள் மன்னார்க் கடலைத் தாண்டித்தான் வந்தது. அந்தக் காலத்துத் தந்திக்குப் பெரும்பாலும் ஒரு கம்பிதான். போன மின்சாரம் திரும்பி வர வழி வேண்டுமே? இரு முனையிலும் உலோகத் தகட்டைப் புதைத்துவிட்டால் மண்ணே அந்த வழியாகும் என்று 1838இல் ஜெர்மனியில் ஸ்டைன்ஹைல் கண்டறிந்தார். பாதிக் கம்பி மிச்சமானது.

ஆனால் மண்ணுக்குள் வேறு மின்னோட்டங்களும் ஓடுகின்றன. 1859 செப்டெம்பரில் பெரும் சூரியப் புயல் வீசியபோது ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தந்திகள் தடுமாறின. சில இடங்களில் பற்றரியைக் கழற்றிய பிறகும், மண்ணில் ஓடிய மின்சாரத்திலேயே செய்தி போனது. மண்ணை நம்பி அனுப்பும் செய்தியில் மண்ணில் ஓடுவதும் வந்து கலக்கும். இன்றைய கருவிகளுக்கும் இதே தொல்லைதான்.

மன்னார்த் தீவின் பேசாலைப் பக்கம் ஓர் ஐஸ் தொழிற்சாலை இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஐஸ் அறையில் வெப்பநிலை பார்க்கும் கருவி. முற்றத்துக்கு அப்பால் அலுவலகத்தில் கணினி. இரண்டுக்கும் நடுவே ஒரு வயர். அந்த வயரில் தகவல், ஒன்றும் பூச்சியமுமாக, ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் போகிறது. இதைத் தொடர் தரவுத் தொடர்பு என்கிறோம். காலையில் எல்லாம் சரி. கொம்பிரசர் ஓடத் தொடங்கியதும் கணினியில் வெப்பநிலை தாறுமாறாகக் குதிக்கிறது, அல்லது தகவலே வராமல் நிற்கிறது. கருவி பழுது என்று புதிதாக வாங்கிப் பூட்டுகிறார்கள். அதுவும் அப்படியே.

பழுது கருவியில் இல்லை, காலடியில் இருக்கிறது. இரண்டு கட்டடத்துக்கும் மண்ணில் இறக்கிய தனித்தனி ஏர்த் கம்பி. மன்னாரின் மேல்மணல் வெயில் காலத்தில் காய்ந்து மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. கடற்காற்றின் உப்பு மோட்டார்களின் காவலியைக் கெடுக்கிறது. கொஞ்சம் மின்சாரம் கசிந்து ஏர்த்துக்குள் இறங்குகிறது. கசிவு 0.2 அம்பியர், ஏர்த்தின் தடை 50 ஓம் என்றால், பெருக்கிப் பாருங்கள்: 10 வோல்ற். ஐஸ் அறையின் ஏர்த்தும் அலுவலகத்தின் ஏர்த்தும் இனி ஒரே மட்டத்தில் இல்லை.

இது தகவலை எப்படிக் கெடுக்கிறது? 1960களில் வந்த ஆர்எஸ்-232 முறையில், ஒரு வயரின் வோல்ற்றளவை, பெரும்பாலும் ஏர்த்தோடு இணைந்திருக்கும் பொது வயரோடு ஒப்பிட்டே ஒன்றா பூச்சியமா என்று முடிவு செய்கிறார்கள். ஏர்த் ஆடினால் செய்தியும் ஆடும். இந்தத் தொல்லையைக் குறைக்கும் ஒரு வழி, 1983இல் வந்த ஆர்எஸ்-485 என்ற தரநிலை. இதில் முறுக்கிய இரண்டு வயர். வாங்கும் கருவி அவ்விரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டுமே பார்க்கும். 0.2 வோல்ற் வித்தியாசம் இருந்தாலே போதும். இரண்டு வயரிலும் ஒரே மின் இரைச்சல் ஏறினால் கழித்துப் பார்க்கையில் அது இல்லாமல் போகும். ஆயிரம் மீற்றருக்கு மேலும் தகவல் போகும்.

ஆனால் அதற்கும் எல்லை உண்டு. இரண்டு வயரும் சேர்ந்து, வாங்கும் கருவியின் ஏர்த்தைவிட 12 வோல்ற்றுக்கு மேல் உயர்ந்தாலோ 7 வோல்ற்றுக்கு மேல் தாழ்ந்தாலோ தரநிலை பொறுப்பேற்காது. நாம் பார்த்த 10 வோல்ற் மாறுதிசை மின்சாரம், உச்சத்தில் 14 வோல்ற்றைத் தொடும். மேலேயும் கீழேயும் எல்லை தாண்டும்.

சந்தேகமிருந்தால் சோதிக்கலாம். தொழில் தெரிந்த ஒருவர், நீள வயர் ஒன்றின் ஒரு முனையை அங்குள்ள ஏர்த்தில் கட்டி, மறுமுனைக்கும் இங்குள்ள ஏர்த்துக்கும் நடுவே மீற்றரை வைக்கட்டும். கொம்பிரசர் நிற்கும்போது ஒரு தடவை, ஓடும்போது ஒரு தடவை. முள் ஏறினால் காரணம் பிடிபட்டுவிட்டது.

மின்னல் இதைவிடக் கடுமை. 10,000 அம்பியர் மின்னல், 10 ஓம் தடையுள்ள நல்ல ஏர்த்தில் இறங்கினாலும் அந்த இடம் ஒரு கணம் ஒரு இலட்சம் வோல்ற்றுக்கு எழும்பும். அந்தக் கட்டடத்தையும் தொலைவிலுள்ள இன்னொன்றையும் செப்பு வயர் இணைத்திருந்தால், மின்னல் அந்த வயர் வழியே ஓடி இரு பக்கமும் கருவியைச் சுட்டுவிடும்.

தீர்வு என்ன? ஒரே கட்டடத்துக்குள் இருக்கும் ஏர்த்துகளை எல்லாம் ஒன்றாகக் கட்டுங்கள். ஆர்எஸ்-485 இரட்டை வயரோடு, இரு கருவிகளுக்கும் பொதுவான மூன்றாவது வயரையும் சேர்த்து இழுங்கள். லைனின் இரு கடைசியிலும் 120 ஓம் தடை. மோட்டார் கேபிளோடு ஒரே குழாயில் போடாதீர்கள். கட்டடம் விட்டுக் கட்டடம் போவதானால், ஏர்த்தைப் பிரித்துவைக்கும் ஐசொலேட்டர் பூட்டுங்கள்; இல்லாவிட்டால் கண்ணாடி இழை போடுங்கள். கண்ணாடி இழையில் போவது வெளிச்சம், அதற்கு ஏர்த் தேவையில்லை.

மன்னார்த் தீவின் தெற்குக் கரையில் 2020 டிசம்பரில் திறக்கப்பட்ட தம்பபவனி காற்றாலைகளை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். 30 கோபுரங்கள், மொத்தம் 103.5 மெகாவாட். உயர்ந்து நிற்கும் ஒவ்வொரு கோபுரமும் மின்னலுக்கு இலக்கு. உலகெங்கும் இப்படிப்பட்ட காற்றாலைகளில் கோபுரங்களுக்கு நடுவே தகவல் பொதுவாகக் கண்ணாடி இழையில்தான் போகிறது. பெரிய திட்டத்துக்கு மட்டும் உரிய வசதி என்று நினைக்கவேண்டாம்; சிறிய ஐஸ் தொழிற்சாலையும் இதைச் செய்யலாம்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. இரைச்சல் நிற்கிறது என்பதற்காகச் சிலர் கருவியின் மின்சார ஏர்த்தையே கழற்றிவிடுகிறார்கள். கசிவு அப்போதும் போகாது. அடுத்துத் தொடுகிறவரின் உடம்பு வழியாக மண்ணுக்கு இறங்கும். தரவு வயரை எப்படியும் மாற்றிக்கொள்ளலாம், உயிர் காக்கும் ஏர்த்தில் மட்டும் கை வைக்காதீர்கள்.