பாட்டியின் பெயர் எந்தக் காகிதத்தில் இருக்கிறது?

(கேளம்பாக்கத்தில் நடந்த மகளிர் சுய உதவிக் குழுக்களின் கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன் எல்லாம் காலையிலேயே பேசி முடித்துவிட்டோம். இப்போது உங்களிடம் ஒரு கேள்வி. உங்கள் அப்பாவின் அப்பா பெயர் என்ன? டக்கென்று சொல்லிவிடுவீர்கள். அவருடைய அப்பா பெயர்கூடப் பத்திரத்தில் இருக்கும். சரி, உங்கள் அம்மாவின் அம்மாவைப் பெற்றவள் பெயர் என்ன? யோசிக்கிறீர்கள் இல்லையா? நம்மில் நிறைய பேருக்குத் தெரியாது. அந்த அம்மா இல்லாமல் நாம் யாரும் இங்கே உட்கார்ந்திருக்க முடியாது. ஆனால் பேரு போயிடுச்சு.

அவர்கள் ராணியும் இல்லை, தலைவியும் இல்லை. சரித்திரப் புத்தகத்தில் வரமாட்டார்கள். அப்படிப்பட்ட ஒரு சாதாரணப் பெண்ணின் வாழ்க்கையைத் தேடிக் கண்டுபிடிக்க முடியுமா? முடியும் என்று காட்டியவர் ஒருவர் இருக்கிறார்.

மைதிலி சிவராமன் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கத்தின் தலைவர்களில் ஒருவர். 1968-ல் கீழவெண்மணியில் விவசாயக் கூலிகளின் குடும்பங்களைக் குடிசையோடு எரித்தார்களே, அதைப் பற்றி எழுதியவர். 1992-ல் தர்மபுரி மாவட்டம் வாச்சாத்தியில் மலைவாழ் பெண்களுக்கு நடந்த கொடுமைக்கு நியாயம் கேட்டு நின்றவர். 2021-ல் கொரோனா அவரை நம்மிடமிருந்து கொண்டுபோய்விட்டது.

ஊரார் கதையையெல்லாம் வெளியில் கொண்டுவந்த அந்த அம்மா, தன் சொந்தப் பாட்டியின் கதையையும் தேடினார். பாட்டி பெயர் சுப்புலட்சுமி. 1897-ல் பிறந்தவர். 11 வயதில் கல்யாணம், 14 வயதில் கையில் குழந்தை. கணவர் வெள்ளைக்காரன் அரசாங்கத்தில் உப்பு இலாகா அதிகாரி. நம்ம கேளம்பாக்கம், கோவளம் பக்கத்துப் பெண்களுக்கு உப்பளம் என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. வெயிலும் உப்புக் காற்றும் கடற்கரையும்தான். இலாகா மாற்றுகிற ஊருக்கெல்லாம் அந்தச் சின்னப் பெண்ணும் போக வேண்டியிருந்தது.

அந்தப் பாட்டி 1978-ல் இறந்தபோது நகை, நிலம் என்று எதையும் பெரிதாக விட்டுப்போகவில்லை. விட்டுப்போனது டைரிக் குறிப்புகள், கடிதங்கள், சின்னச் சின்னத் துண்டுக் காகிதங்கள். வேறு வீடாக இருந்தால் போகிப் பண்டிகைக்கு எரித்திருப்பார்கள். பேத்தி எரிக்கவில்லை. ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தார். தன் அம்மா பங்கஜத்திடம் கேட்டுக் கேட்டு, இடையில் விட்டுப்போனதை இட்டு நிரப்பினார். சமையலறையில் பேசாமல் இருந்த பாட்டிக்குள்ளே எவ்வளவு படிப்பு ஆசை, நாட்டு விடுதலை மேல் எவ்வளவு அக்கறை, தன் மகளைப் படிக்க வைக்க எவ்வளவு துடிப்பு என்று அதிலிருந்து தெரிந்தது. 2006-ல் அது ஆங்கிலத்தில் புத்தகமாக வந்தது. 2010-ல் உமா சக்கரவர்த்தி அந்தப் பாட்டியைப் பற்றி ஓர் ஆவணப்படமே எடுத்தார்.

“அந்தப் பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியும், டைரி எழுதினாங்க. எங்க பாட்டி கைநாட்டு. நாங்க எதை வச்சுத் தேடறது?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் வீட்டில் இருக்கிற டிரங்குப் பெட்டியைத் திறந்து பாருங்கள். பழைய ரேஷன் கார்டு இருக்கும். பத்திரம், பட்டா, வரி ரசீது இருக்கும். கல்யாணப் பத்திரிகை, நோட்டில் எழுதிய மொய்க் கணக்கு, மாமாவின் பள்ளிக்கூட டி.சி., அடகுக்கடை ரசீது இருக்கும். ஒவ்வொன்றிலும் பாட்டி எங்கேயாவது ஓரமாக நிற்பாள்.

எப்படித் தேடுவது? மூன்று விஷயம் சொல்கிறேன்.

முதலாவது, பெயர். ஒரு பேப்பரில் பாப்பம்மாள், இன்னொன்றில் பாப்பாத்தி, மூன்றாவதில் பாப்பா என்று இருக்கும். மூன்றும் ஒரே ஆள்தான். சிலதில் பெயரே இருக்காது, ‘இன்னார் மனைவி’ என்று மட்டும் இருக்கும். இது நம்ம வீட்டுக் கதை மட்டும் இல்லை. சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத்தேர்தல் 1951-52-ல் நடந்தது. பட்டியல் எழுத வந்தவர்களிடம் லட்சக்கணக்கான பெண்கள் சொந்தப் பெயரைச் சொல்லாமல் ‘இன்னார் சம்சாரம்’, ‘இன்னார் அம்மா’ என்றே சொன்னார்கள். பெரும்பாலும் பீகார், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் பக்கம். அப்படிச் சுமார் 28 லட்சம் பெண்கள் பட்டியலில் இடம் பெறாமல் போனார்கள். பெயர் இல்லாததால் ஓட்டும் இல்லை.

இரண்டாவது, வருஷம். பாட்டிகளுக்குத் தேதி தெரியாது, ஆனால் காலம் தெரியும். “காந்தி செத்தப்போ நான் வயசுக்கு வந்துட்டேன்” என்றால் அது 1948 ஜனவரிக்கு முன்னால். “தனுஷ்கோடி அழிஞ்சப்போ பெரியவன் கைக்குழந்தை” என்றால் 1964 டிசம்பர். கல்பாக்கத்தில் கரண்டு எடுக்க ஆரம்பித்தது, 2004 டிசம்பர் 26 சுனாமி, எல்லாமே நம்ம கடற்கரையின் காலண்டர்தான். இதை வைத்து வருஷத்தைக் கணக்குப் போட்டு, பள்ளிக்கூடச் சான்றில் இருக்கிற பிள்ளைகளின் பிறந்த தேதியோடு ஒத்துப் பாருங்கள். இடைவெளி தெரியும். இரண்டு பிள்ளைக்கு நடுவில் ஆறு வருஷம் என்றால் ஏன் என்று கேளுங்கள். “நடுவுல ரெண்டு பொறந்து போச்சும்மா” என்பார்கள். எந்தப் பேப்பரிலும் இல்லாத அந்த இரண்டு குழந்தைகளும் அவள் வாழ்க்கையில் உண்டு. அதையும் எழுதி வையுங்கள்.

மூன்றாவது, இடம். 1997 வரை நம்ம ஊர் செங்கல்பட்டு மாவட்டம். பிறகு காஞ்சிபுரம் மாவட்டம். 2019 நவம்பரிலிருந்து மறுபடி செங்கல்பட்டு மாவட்டம். பழைய பேப்பரில் வேறு மாவட்டம் போட்டிருக்கிறதே என்று குழம்ப வேண்டாம். அதேபோல் 1980-க்கு முன்னால் கர்ணம், முன்சீப் காலம். அதற்குப் பிறகுதான் கிராம நிர்வாக அலுவலர். கையெழுத்து யாருடையது என்று பார்த்தாலே காலம் ஓரளவு தெரியும்.

இப்படித் தேடும்போது மனசு கனத்துப் போகிற ஒரு விஷயம் கண்ணில் படும். பல வீடுகளில் பாட்டியின் கைரேகை இருக்கிற ஒரே பேப்பர் விடுதலைப் பத்திரம்தான். அப்பா சொத்தில் எனக்குப் பங்கு வேண்டாம் என்று அண்ணன் தம்பிக்கு எழுதிக் கொடுத்தது. ஆயுசு முழுக்க உழைத்தவள். நடவு நட்டாள், உப்பு வாரினாள், மீன் கூடை சுமந்தாள். அதற்கெல்லாம் ஒரு ரசீதும் கிடையாது. விட்டுக்கொடுத்ததற்கு மட்டும் முத்திரைத்தாள்! “படிச்சுக் காட்டினாங்களா பாட்டி?” என்று கேட்டால், “அண்ணன் வைக்கச் சொன்னான், வச்சேன்” என்பாள்.

இன்றைக்கு ஓ.எம்.ஆர். சாலையில் நிலம் என்ன விலை போகிறது என்று உங்களுக்கே தெரியும். அதனால் இந்தக் காகிதங்களைப் படிப்பது பொழுதுபோக்கு இல்லை. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு என்று தமிழ்நாடு 1989-லேயே திருத்தம் கொண்டுவந்தது. ஆனால் அதற்கு முன் கல்யாணம் ஆனவர்களுக்கு அதில் இடமில்லை. 2005-ல் வந்த மத்தியத் திருத்தம் கல்யாணம் ஆன மகள்களையும் சேர்த்தது. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்பதில்லை என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. முன்பே முறையாகப் பாகம் பிரித்துப் பதிவு செய்திருந்தால் அது வேறு. இஸ்லாமிய, கிறிஸ்தவச் சகோதரிகளுக்குச் சட்டம் தனித்தனி. சந்தேகம் இருந்தால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், அங்கே சட்ட உதவி இலவசம்.

பழைய பேப்பரின் அருமை 2025 நவம்பரில் எல்லோருக்கும் புரிந்தது. வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தத்துக்குப் படிவம் கொடுத்தபோது, இருபது வருஷத்துக்கு முந்தைய பட்டியலில் உங்கள் பெயரோ உறவினர் பெயரோ எங்கே என்று கேட்டார்கள். ஆண்கள் அதே ஊரில் தேடினார்கள். கட்டிக்கொடுத்து வந்த பெண்கள் பிறந்த ஊர், அப்பா அம்மா பெயர், பழைய பாகம் எண் என்று போன் போட்டுத் தேட வேண்டியிருந்தது. பெண் ஊர் மாறுகிறாள், அவளுடைய காகிதம் அவளோடு வருவதில்லை. அதுதான் காரணம்.

சகோதரிகளே, நம்மிடம் பாட்டிகளிடம் இல்லாத ஒன்று இருக்கிறது. குழுவின் தீர்மானப் புத்தகம். 1989-ல் தர்மபுரியில் தொடங்கிய இந்தக் குழுக்கள் வந்த பிறகுதான் நம்மில் பல பேருடைய பெயர், ‘இன்னார் மனைவி’ என்ற ஒட்டு இல்லாமல், சொந்தக் கையெழுத்தோடு ஒரு நோட்டில் ஏறியது. எதற்குக் கடன் வாங்கினாள், மாடு வாங்கினாளா, மகள் படிப்புக்குக் கட்டினாளா, எத்தனை தவணையில் அடைத்தாள், எல்லாம் அதில் இருக்கிறது. நோட்டு முடிந்ததும் பழைய பேப்பர்காரரிடம் போடாதீர்கள். கூட்டமைப்பு அலமாரியில் வருஷம் எழுதிக் கட்டி வையுங்கள்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொருவரும் ஒரு வேலை செய்துவிட்டு வாருங்கள். ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். அம்மா, அம்மாவின் அம்மா, தெரிந்தால் அதற்கும் முந்தியவள் என்று பெயர் எழுதுங்கள். பிறந்த ஊர், கட்டிக்கொடுத்த ஊர், பெற்ற பிள்ளைகள், செய்த வேலை, எந்தப் பேப்பரில் பெயர் இருக்கிறது என்பதை எழுதுங்கள். காகிதம் சொன்னது எது, வாயால் கேட்டது எது என்று தனித்தனியாகக் குறித்துவிடுங்கள். எழுத வராதவர்கள் மகளை, பேத்தியை எழுதச் சொல்லுங்கள். வயதானவர்கள் இருக்கும்போதே கேளுங்கள், நாளைக்குத் தள்ளாதீர்கள். கடைசிப் பக்கத்தில் உங்கள் பெயரை, உங்கள் கதையை நீங்களே எழுதுங்கள்.

பெரிய மனுஷர்களின் சரித்திரத்தை எழுத ஆள் இருக்கிறது. நம்ம வீட்டுப் பெண்களின் சரித்திரத்தை நாம்தான் எழுத வேண்டும்.