நஞ்சுள்ள பாம்பும் நஞ்சற்ற பாம்பும்

கோலார் தங்க வயலில் 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கப் பணி நிறுத்தப்பட்டது. கைவிடப்பட்ட கட்டடங்களும் சயனைடு மண்மேடுகளும் இன்று தமிழ்த் தொழிலாளர் வாழ்ந்துவரும் லைன் வீடுகளுக்கு அருகிலேயே உள்ளன. புதர் மண்டிய இடத்தில் எலி பெருகும். எலியைத் தேடிப் பாம்பும் வரும்.

இத்தகைய வறண்ட நிலப்பகுதிகளில் மனித உயிருக்குப் பெருங்கேடு விளைவிப்பவை நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கே. முக்கோணத் தலையே நஞ்சின் அடையாளம் என்று பலர் கருதுகின்றனர். இது விரியன் இனத்துக்குப் பொருந்தும்; நாகத்துக்கும் கட்டுவிரியனுக்கும் பொருந்தாது. (கட்டுவிரியன் பெயரளவில்தான் விரியன், இனத்தால் நாகத்தின் உறவு.) நாகம் எப்போதும் படமெடுப்பதில்லை. ஆதலால் எலியை அழித்து உழவருக்கு உதவும் சாரை நாகமெனக் கருதப்பட்டு வீணே அடிபடுகின்றது.

மிகுந்த குழப்பம் தருவது கட்டுவிரியனும் நஞ்சற்ற வெள்ளிக்கோல் வரையனுமாகும். இரண்டின் உடலிலும் வெண்பட்டைகள் உண்டு. வரையனுக்கு அவை கழுத்தருகே தெளிவாகத் தொடங்கி வாலை நோக்கி மங்கும். கட்டுவிரியனுக்குக் கழுத்தருகே பெரும்பாலும் பட்டையிராது. பின்பகுதியில் இரண்டிரண்டாக அமையும். முதுகின் நடுவரிசைச் செதில்கள் அறுகோண வடிவில் பெரியவை. ஆயினும் நள்ளிரவில், மங்கிய விளக்கொளியில், செதிலை யார் எண்ணிப் பார்ப்பர்? கட்டுவிரியன் கடிப்பதோ பெரும்பாலும் தரையில் உறங்குவோரை. வலியும் வீக்கமும் மிகக் குறைவாதலால் எறும்புக் கடியென்று மீண்டும் உறங்கிவிடுவர். விடியலில் வயிற்றுவலி தோன்றும், இமைகள் தளரும், பின்னர் மூச்சுத் தடைப்படும். எளிய கட்டிலும், ஓரம் செருகிய கொசுவலையும் இங்கு மருத்துவச் செலவைவிட மலிவான முதலீடு.

2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஏறத்தாழ 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்தனர் என்று 2020இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. கர்நாடக அரசு 2024இல் பாம்புக்கடியை அறிவிக்கத்தக்க நோயாக்கியது. இனிக் கணக்கில் வராத மரணங்கள் குறையக்கூடும்.

கடித்த பாம்பைப் பிடித்துவர வேண்டியதில்லை. இந்தியாவில் கிடைக்கும் நஞ்சு முறிமருந்து இந்நான்கிற்கும் பொதுவானது. அதற்குரிய நஞ்சில் பெரும்பங்கை வடநெம்மேலியில் 1978இல் தொடங்கப்பட்ட இருளர் கூட்டுறவுச் சங்கம் வழங்கி வந்துள்ளது. கடிவாயைக் கீறுதலும் இறுகக் கட்டுதலும் தீங்கானவை. உறுப்பை அசைக்காமல் விரைந்து மருத்துவமனை சேர்க்க வேண்டும். அங்கு நோயாளியின் குருதி தூய கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் அசையாமல் வைக்கப்படும். உறையாவிடில் விரியன் நஞ்சு ஏறியதெனக் கொள்ளலாம். கட்டுவிரியன் கடியை இச்சோதனை காட்டாது. அதற்கு நோயாளியின் இமைகளையே கவனிக்க வேண்டும்.