நடையும் ஓர் ஆட்டமே



வயலில் நாளெல்லாம் உழைத்த நம் முன்னோர்க்கு உடற்பயிற்சி என்ற சொல்லே தேவைப்படவில்லை. படித்து நாற்காலியில் அமர்ந்த நம்மிற் பலருக்கோ இரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் வந்து சேர்கின்றன. மருத்துவர் சொன்னால் நான்கு நாள் நடக்கிறோம். ஐந்தாம் நாள் மறக்கிறோம்.

அமெரிக்காவில் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தார், இதயநோய் உற்றவரும் உறும் அபாயம் மிக்கவருமாகிய 1,062 பேரிடம் நடத்திய ஆராய்ச்சி 2024-இல் வெளிவந்தது. ஒரு பிரிவினருக்கு வாரத் தொடக்கத்திலேயே 70 புள்ளிகள் வழங்கப்பெற்றன. குறித்த அடிகளை நடக்கத் தவறிய நாளுக்குப் பத்துப் புள்ளி பறிபோகும். ஊக்குவிக்க உறவினரோ நண்பரோ ஒருவர் துணையிருந்தார். கைக்கு வந்ததை இழக்க மனம் ஒப்பாதன்றோ! அவ்வோராண்டில் அவர்கள், ஆட்டமில்லாதவரைவிட நாளொன்றுக்குச் சராசரியாக 538 அடிகள் கூடுதலாக நடந்தனர். பணப்பரிசும் சேர்ந்தவர்கள் 868.

நமக்குக் கருவி வேண்டா. சங்கத்துக் கரும்பலகை போதும். பெயருக்கு நேரே ஏழு சுண்ணக்கட்டிப் புள்ளிகள். வராதவர் புள்ளியை அவர் பேரப்பிள்ளையே அழிக்கட்டும்! தாய்மார் பெயரும் இடம்பெற வேண்டும். நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ உடையோர் மருத்துவரைக் கேட்டபின்பே சேர்க.

செருப்பணிந்து நடக்க நம்மவர்க்கு மறுக்கப்பட்ட தெருக்கள் இந்நாட்டில் எத்தனையோ! தச்சநல்லூர்த் தெருக்களில் நன்றாகச் செருப்பணிந்தே நடப்போம். வரும் திங்களன்று காலை பலகையில் பெயர்கள் எழுதப்பெறும்.