அரசாணையும் தரைப்பாயும்



எம்.சி.ராஜாவின் நினைவில் கூடியிருக்கிறோம். சென்னை மாகாணச் சட்டசபையில் நம் மக்களுக்காகப் பேசிய அவர், பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொடுத்தவரும்கூட. சட்டசபையும் கரும்பலகையும் அவருக்குத் தெரியும். அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தூரத்தைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறோம்.

செயல்வழிக் கற்றலை எடுத்துக்கொள்வோம். சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003 முதல் செய்து பார்க்கப்பட்டு, 2007-08இல் தமிழ்நாடு முழுக்கத் தொடக்க வகுப்புகளுக்கு வந்தது. பிள்ளைகள் பாயில் வட்டமாக உட்கார்ந்தார்கள். ஆசிரியரும் அவர்களோடு தரையில் உட்கார வேண்டியிருந்தது. சுவரின் அடிப்பகுதியில் அவர்கள் கைக்கு எட்டும் கரும்பலகை. அடுத்த அட்டையைப் பிள்ளையே எடுத்துக்கொண்டது. பெற்றோரோடு செங்கல் சூளைக்குப் போய் மாதக்கணக்கில் கழித்துத் திரும்பும் பிள்ளை, விட்ட அட்டையிலிருந்து தொடர முடிந்தது. சேரிப் பிள்ளைகளுக்கு இது சின்ன விஷயமல்ல. கடைசி பெஞ்ச் என்பதே இல்லாத வகுப்பறை அது.

நடந்தது என்ன? நாங்கள் போய்ப் பார்த்த பள்ளிகளில் கிழிந்த அட்டைக்கு மாற்று அட்டை வரவில்லை. ஈராசிரியர் பள்ளியில் ஐந்து வகுப்புகளையும் இருவரே சமாளித்தார்கள். பார்வையிட வந்தவர்கள் அட்டை ஒழுங்காக அடுக்கியிருக்கிறதா என்று பார்த்தார்கள். யார் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று பார்க்கவில்லை. ஒரு பள்ளியில் வட்டங்கள் தெருவாரியாகப் பிரிந்திருந்தன. கூட்டிப் பெருக்க மட்டும் ஒரே வட்டத்திலிருந்து பிள்ளைகளைக் கூப்பிட்டார்கள். ஆணை பெஞ்சை எடுத்துவிட்டது. சாதி பாயில் வந்து உட்கார்ந்துகொண்டது.

ஆசிரியரை மட்டும் குறை சொல்லி முடித்துவிட முடியாது. உள்ளே போய்க் கேட்கும் உரிமை நமக்கும் இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டம், 2009இன் 21ஆம் பிரிவின்படி, பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்கள். நலிந்த பிரிவுப் பெற்றோருக்கு விகிதாசார இடம். பள்ளியைக் கண்காணிப்பது அவர்கள் வேலை. ஆனால் நம் அம்மாக்கள் கூலி வேலைக்கு நடுவே ஓடி வந்து, தீர்மான நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். எழுதியிருப்பதை வாசித்துக் காட்ட ஆளில்லை.

அந்த ஆள் நீங்கள்தான். அடுத்த கூட்டத்துக்கு அம்மாவோடு போங்கள். தீர்மானத்தை வாசித்துக் காட்டுங்கள். மூன்று கேள்விகள் கேட்கச் சொல்லுங்கள். யார் எங்கே உட்கார்கிறார்கள்? யார் கூட்டுகிறார்கள்? வராத பிள்ளையைத் தேடி யார் போனார்கள்? பதில்களை அதே நோட்டில் எழுத வையுங்கள்.

ஜெய் பீம்!