கண் குழிஞ்சிருக்கா, பாருங்க!

(ஊராட்சி அளவிலான கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் சுகாதாரக் குழு சார்பில் ஆற்றிய உரை)



சேமிப்பு, கடன் கணக்கெல்லாம் பார்த்தாச்சு. இப்போ நம்ம பிள்ளைங்க வயிற்றைப் பற்றிப் பேசுவோம்.

போன கோடையில் நம்ம உறுப்பினர் ஒருவரின் பத்து மாதப் பேத்திக்குப் பேதி கண்டது. "தண்ணி கொடுத்தா இன்னும் போகும்" என்று தண்ணீரை நிறுத்தினோம். "தொக்கம் விழுந்திருக்கு" என்று பக்கத்து ஊருக்குத் தூக்கிப் போய் தொக்கம் எடுத்தோம். இரண்டு நாள் போச்சு. மூன்றாம் நாள் பிள்ளை அழுதது, கண்ணில் தண்ணீர் வரவில்லை. ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றித்தான் பிழைத்தது. யாரையும் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. கூட இருந்த நாங்களும் அதே யோசனையைத்தான் சொன்னோம்.

ஒரு நாளில் மூன்று தடவையோ அதற்கு மேலோ தண்ணீராகப் போனால் அது வயிற்றுப்போக்கு. (தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை அடிக்கடி இளக்கமாகப் போவது இயல்பு.) பேதியோடு உடம்பின் தண்ணீரும் உப்பும் வெளியே போகிறது. உயிருக்கு ஆபத்து அதனால்தான். தண்ணீரை நிறுத்தினால் பேதி நிற்காது, பிள்ளைதான் வற்றிப் போகும்.

நீர் வற்றுவதை நாமே கண்டுபிடிக்கலாம்:

1. கண் குழிந்திருக்கும். அழுதால் கண்ணீர் வராது.
2. வாய், நாக்கு உலர்ந்து, தண்ணீருக்குப் பறக்கும்.
3. சிறுநீர் குறையும்.
4. வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மடிப்பு மெதுவாகத்தான் விரியும்.
5. கைக்குழந்தைக்கு உச்சிக்குழி உள்ளே அமுங்கியிருக்கும்.

பேதி ஆரம்பித்ததுமே ஓ.ஆர்.எஸ். கொடுங்க. பெரிய பாக்கெட் முழுவதையும் காய்ச்சி ஆறவைத்த 1 லிட்டர் தண்ணீரில் கரைக்கணும். 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. ஒவ்வொரு தடவை போன பிறகும் இரண்டு வயதுக்குக் கீழ் 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் 100 முதல் 200 மில்லி கொடுக்கணும். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்க. தாய்ப்பாலையும் சாப்பாட்டையும் நிறுத்தாதீங்க. நர்ஸ் கொடுக்கும் ஜிங்க் மாத்திரையை, பேதி நின்றாலும் 14 நாள் கொடுக்கணும். கடையில் கேட்டுப் பேதியை நிறுத்தும் மாத்திரை வாங்க வேண்டாம். கலர், குளிர்பானம் எதுவும் ஓ.ஆர்.எஸ். ஆகாது.

இந்தக் கரைசலைச் சாதாரணமாக நினைக்காதீங்க. 1971-இல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்க அகதி முகாமில் காலரா பரவியது. ஏற்றுவதற்கு மருந்து பாட்டில் போதவில்லை. டாக்டர் திலீப் மகலானபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை டிரம்மில் வைத்து, உறவினர்களையே கொடுக்கச் சொன்னார். ஏராளமானோர் பிழைத்தார்கள்.

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் வீட்டில் வைத்திருக்காதீங்க, 108-ஐக் கூப்பிடுங்க:

* மலத்தில் ரத்தம்
* எதைக் கொடுத்தாலும் வாந்தி, அல்லது பச்சை நிற வாந்தி
* குடிக்க முடியாமல் துவண்டு போதல், வலிப்பு
* வயிறு உப்பி, மலமும் காற்றும் போகாமல் இருத்தல்
* விட்டு விட்டு வீறிட்டு அழுது காலை மடக்குதல். இது குடலுக்குள் குடல் செருகியதாக இருக்கலாம். தொக்கம் எடுத்தால் தீராது.

இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குப் பேதி என்றாலே டாக்டரிடம் காட்டணும். 14 நாளுக்கு மேல் நீடித்தாலும் அப்படித்தான்.

வராமல் தடுக்க, முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் போதும். மலம் கழுவிய பிறகும், சோறு ஊட்டும் முன்பும் சோப்பு போட்டுக் கை கழுவணும். ரோட்டா வைரஸ் சொட்டு மருந்து 6, 10, 14 வாரங்களில் இலவசமாகப் போடுறாங்க.

கடைசியாக இரண்டு கோரிக்கை. ஒவ்வொரு குழு ஊக்குநர் வீட்டிலும் ஐந்து ஓ.ஆர்.எஸ். பாக்கெட் எப்போதும் இருக்கணும். பிள்ளைக்கு முடியவில்லை என்று ராத்திரி வந்து கேட்டால், அடுத்த கூட்டம் வரை காத்திருக்காமல் அவசரக் கடன் கொடுக்கத் தீர்மானம் போடுங்க. அந்தப் பேத்தி வீட்டில் இரண்டு நாள் தாமதித்ததற்குக் கையில் காசு இல்லாததும் ஒரு காரணம்.