காரணம் கேட்கும் பிள்ளைகள்



நியூஜெர்சியில் ஒரு தமிழ் வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலாம் வகுப்புப் படிக்கும் மகள் கேட்கிறாள்: "அம்மா, சனிக்கிழமை ராத்திரி ஃப்ரெண்ட் வீட்ல தங்கிக்கட்டுமா? கிளாஸ்ல எல்லாரும் போறாங்க." அம்மா சொல்கிறார்: "ஏன், நமக்கு வீடு வாசல் இல்லையா?" 'ஸ்லீப் ஓவர்' என்ற இந்த வழக்கம் அமெரிக்கக் குழந்தைகளுக்குச் சர்வ சாதாரணம். நம்மவர்களுக்கோ, பெண்பிள்ளை அடுத்தவர் வீட்டில் படுப்பதா என்ற கலக்கம். மகள் விடுவதில்லை. "ஏம்மா கூடாது? காரணம் சொல்லு." "எதிர்த்துப் பேசாதே" என்பதோடு பேச்சு முடிகிறது.

அமெரிக்கத் தமிழ் வீடுகளின் சண்டையை இட்லிக்கும் பீட்ஸாவுக்கும், பாவாடைக்கும் ஜீன்ஸுக்கும் நடக்கிற சண்டை என்று நினைக்கிறோம். அதெல்லாம் சீக்கிரம் தீர்ந்துவிடும். தீராமல் நிற்பது அந்த 'ஏன்'தான். கையைத் தூக்கிக் கேள்வி கேட்கிற பிள்ளையை, மறுத்துப் பேசுகிற பிள்ளையை அங்கே பள்ளிக்கூடம் தட்டிக்கொடுக்கிறது. பல வகுப்புகளில் அதற்கு மதிப்பெண்ணே உண்டு. அதே பிள்ளை வீட்டில் கேட்டால் 'வாய் நீளம்' என்று பெயர்.

பெற்றோர் பக்கமும் நியாயம் இருக்கிறது. 1946ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியர்களுக்கு அமெரிக்கா ஒதுக்கிய குடியேற்ற இடங்கள் ஆண்டுக்கு 100தான். 1965இல் வந்த சட்டம் அந்தக் கெடுபிடியைத் தளர்த்தியது. டாக்டர்களும் இன்ஜினீயர்களும் போனார்கள். 1990ஆம் ஆண்டுச் சட்டம் தந்த எச்1பி விசாவில் மென்பொருள் இளைஞர்கள் போனார்கள். தாத்தா பாட்டி, அத்தை மாமா யாரும் கூடப் போகவில்லை. ஊரே சேர்ந்து பழக்கியதை அங்கே இரண்டே பேர் பழக்க வேண்டியதாயிற்று. அதற்காகத்தான் கோயில் கட்டினார்கள். கிளீவ்லாந்தில் 1978 முதல் தியாகராஜ ஆராதனை நடத்துகிறார்கள். வார இறுதியில் தமிழ்ப் பள்ளி நடத்துகிறார்கள்.

இன்னொரு பயமும் உண்டு. கிரீன் கார்டுக்காக இந்தியர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார்கள். இந்தியாவில் பிறந்து கைக்குழந்தையாக அங்கே போன பிள்ளைக்கு, அதற்குள் 21 வயதாகிவிட்டால் பெற்றோரின் விசாவை நம்பி இருக்க முடியாது. வேறு விசா தேட வேண்டும். இல்லையென்றால் வளர்ந்த நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். "படி, படி" என்று அப்பா விரட்டுவதில் இந்தக் கவலையும் கலந்திருக்கலாம். ஆனால் அதை அவர் வாய்விட்டுச் சொல்வதில்லை. "நம்ம பழக்கம் அப்படி" என்று முடித்துவிடுகிறார்.

காரணத்தைச் சொல்லிவிடுவதே நல்லது. "அந்த வீட்ல யார் யார் இருக்காங்கன்னு எனக்குத் தெரியாது, பயமா இருக்கு" என்றால் பத்து வயதுப் பிள்ளைக்கும் புரியும். அந்தத் தோழியின் குடும்பத்தை ஒருநாள் சாப்பிடக் கூப்பிட்டுப் பழகிவிட்டு, பிறகு முடிவு செய்யலாம். அப்போதும் 'கூடாது' என்றே சொல்ல நேர்ந்தால், பிள்ளை கோபப்படும். ஆனால் பெற்றோரிடம் பேசுவதை நிறுத்தாது.

இந்த உரையைக் கேட்கும் தாத்தா பாட்டிகளுக்கு ஒரு வேண்டுகோள். லீவுக்கு வரும் பேரப்பிள்ளைகள் தப்பும் தவறுமாகத் தமிழ் பேசினால் சிரிக்காதீர்கள். "ஏன் பாட்டி கால்ல விழணும்?" என்று கேட்டால், "அமெரிக்காக்காரி ஆயிட்டா" என்று மகளிடம் குறைப்படாதீர்கள். உங்களுக்குத் தெரிந்த காரணத்தைச் சொல்லுங்கள். தெரியாவிட்டால் தெரியாது என்றே சொல்லுங்கள். அதையும் அந்தப் பிள்ளைகள் மதிப்பார்கள்.